கடல் சாமந்திக்கு விளக்குப் போட்டது யார்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மனதில் உதித்தது அல்ல. தச்சரிடம் அலமாரிக்குச் சொல்லிவைப்பது போல என்னிடம் சொல்லிவைக்கப்பட்டது. சொன்னவர் ஒரு மீன்காட்சியகத்தின் இயக்குநர். அங்கே எல்லோருக்கும் அவர் மேடம். எனக்கும் மேடம்தான், நான் அங்கே வேலை செய்யாவிட்டாலும்.

"ஒரு பக்கம் போதும்," என்றார் மேடம். "கோமாளி மீனுக்கும் கடல் சாமந்திக்கும் இருக்கிற நட்பு. குழந்தைங்க படிச்சா சிரிக்கணும், பெரியவங்க படிச்சா கண்ணு கலங்கணும். கடைசி வரியில ஒரு ஆச்சரியக்குறி இருந்தா நல்லது."

தன் கதை பிறந்த விதத்தைச் சொல்லும் எழுத்தாளனிடம் வாசகர்கள் ஒரு மழையையாவது, ரயில் ஜன்னலையாவது எதிர்பார்ப்பார்கள். என்னிடம் இருந்தது ஓர் ஆச்சரியக்குறி மட்டும்.

என்னை அங்கே சேர்த்துவிட்டது என் சகலை, அதாவது என் மனைவியின் அக்கா கணவர். அவர்தான் அங்கே துணை இயக்குநர். "எங்க வீட்லயே ஒரு எழுத்தாளர் இருக்காரு மேடம்" என்று சொல்லியிருக்கிறார். என்ன எழுதுகிறேன் என்று அவர் சொல்லவில்லை, மேடமும் கேட்கவில்லை. மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருப்பார்களே ஒரு மெல்லிய தாள், அதை எழுதுவது என் தொழில்.* கதைகள் எழுதுவது என் பழக்கம்.

(* என் எழுத்தில் அதிகமாக அச்சானது அதுதான். யாருமே படிக்காததும் அதுதான். மருந்து ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடித்த பிறகு சிலர் தேடிப் படிப்பார்கள் என்று கேள்வி. அந்த வகையில் எனக்கும் தீவிர வாசகர்கள் உண்டு.)

நுழைவுக் கூடத்தின் நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு புதிய கண்ணாடித் தொட்டி. உள்ளே ஒரு பாறை, பாறைமேல் ஒரு கடல் சாமந்தி, அதற்குள் மூன்று கோமாளி மீன்கள். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு வெற்றுப் பலகை. என் கதை அந்தப் பலகைக்குத்தான்.

2

தொடக்கம் ஒன்று:

"ஆழ்கடலின் அடியில் ஓர் அழகிய சாமந்தி இருந்தாள். அவளுக்கு நண்பர்களே இல்லை. ஒரு நாள்"

இங்கே நிறுத்தவேண்டி வந்தது. தொட்டிகளுக்குப் பின்னால் ஓர் அறை உண்டு. மோட்டார்கள் ஓயாமல் முனகும், தரை எப்போதும் ஈரம். அங்கேதான் ஆராய்ச்சிப் பிரிவு. ஆராய்ச்சிப் பிரிவு என்றால் ஒரு மேஜை, ஒரு நுண்ணோக்கி, ஒரு பெண். முனைவர் பட்டம் வாங்கியவள் என்பதால் டாக்டர். எல்லோரையும் விட இளையவள் என்பதால் சின்ன டாக்டர். ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. நான் வாசித்துக் காட்டியதைப் பொறுமையாகக் கேட்டாள்.

"ஆழ்கடல் இல்ல சார். கரையோரம், வெயில் இறங்கற ஆழம்தான். அப்புறம், அது 'அவள்' இல்ல."

"பூ மாதிரி இருக்கே?"

"பூவும் இல்ல. மிருகம். அந்த இதழ் மாதிரி ஆடுதே, அது முழுக்க விஷ ஊசி. நடுவுல வாய். உள்ள போறதும் அது வழியா, வெளிய வர்றதும் அது வழியா."

(இந்தத் தகவலைச் சில மேடைப் பேச்சாளர்களோடு ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதினேன். பலகை குழந்தைகளுக்கானது என்பதால் அடித்துவிட்டேன்.)

தொடக்கம் இரண்டு:

"நான் ஒரு கோமாளி மீன். என்னைப் பார்த்து எல்லோரும் சிரிக்கிறார்கள், ஆனால் என் உள்ளம்"

வேண்டாம். இந்த வயதில் ஒரு மீனுக்குள் புகுந்துகொண்டு அழ எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

தொடக்கம் மூன்று:

"ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் ஒரு மீன் தவறிப்போய்"

இது எனக்குப் பிடித்திருந்தது. பரிணாமம் என்ற பெரிய விஷயம் 'தவறிப்போய்' என்ற ஒரு சொல்லுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது பாருங்கள். ஏதோ ஒரு மூதாதை மீன். தொட்டால் சாகவேண்டிய இடத்துக்குள் போயிருக்கிறது, சாகவில்லை. துரத்தி வந்த பெரிய மீன் வாசலோடு நின்றுவிட்டது. அந்த ஒரு குடும்பத்திலிருந்து இன்றைக்குச் சுமார் முப்பது வகைக் கோமாளி மீன்கள். இது எப்படிக் கொட்டு வாங்காமல் இருக்கிறது என்று கேட்டேன்.

"மேல ஒரு வழவழப்பு இருக்கு சார். மத்த மீன்களோட வழவழப்புல இருக்கிற ஒருவித சர்க்கரை இதுல ரொம்பக் குறைவு. அந்தச் சர்க்கரை பட்டாத்தான் ஊசி பாயும்னு ஒரு கருத்து. முழுசா யாருக்கும் தெரியாது."

"அப்ப சாமந்தி இதை மட்டும் மன்னிச்சு விடலையா?"

"மன்னிக்கிறதா? இருக்கிறதே அதுக்குத் தெரியுமோ என்னமோ."

"சாமந்திக்கு என்ன லாபம்?"

"கொஞ்சம் உண்டு. கடிக்க வர்ற மீனை இது விரட்டும். இதோட கழிவு அதுக்கு உரம். ராத்திரியில துடுப்பை ஆட்டித் தண்ணியைக் கலக்கி விடும், மூச்சுக்கு நல்லது. ஆனா மீன் இல்லாமலும் சாமந்தி வாழும். கடல்ல சாமந்தி இல்லாம இந்த மீன் ஒரு நாளைத் தாண்டறது கஷ்டம். மீன்தான் இதுக்காகத் தலைகீழா மாறியிருக்கு சார். சாமந்தி அப்படியேதான் இருக்கு."

"நட்புன்னு சொல்லலாமா?"

சின்ன டாக்டர் நுண்ணோக்கியின் பக்கம் திரும்பினாள். "மேடம் சொன்னா சொல்லலாம்," என்றாள்.

3

இப்போது மீன்களை அறிமுகப்படுத்துகிறேன். மூன்றே மூன்று, குழப்பம் வராது.

பெரியது பெண். இரண்டாவது ஆண், அதன் துணை. மூன்றாவது ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, வரிசையில் நிற்கிறது. எல்லாமே பிறக்கும்போது மூன்றாவதுதான். பெரியது செத்துப்போனால் இரண்டாவது பெண்ணாக மாறிப் பெரிய இடத்துக்கு வரும். மூன்றாவது சட்டென்று வளர்ந்து இரண்டாவது ஆகும். விழா இல்லை, மாலை இல்லை, வேலை நின்றுபோவதும் இல்லை.

இதில் என்னை உலுக்கியது வேறு. பெரியது இருக்கும்வரை இரண்டாவது வளராது. வளர முடியாமல் இல்லை, வளர்த்துக்கொள்ளாது. பெரியதைவிட எப்போதும் ஒரு சுற்றுக் குறைவாகவே தன்னை வைத்துக்கொள்ளும். அளவு தாண்டினால் பெரியது கடித்து வெளியே துரத்திவிடும். வெளியே போன கோமாளி மீன் யாருக்கோ மதிய உணவு.

இதைச் சின்ன டாக்டர் சொல்லக் கேட்டுக்கொண்டு தலையை நிமிர்த்துகிறேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேடம் வருகிறார். அரை அடி பின்னால் என் சகலை. நல்ல உயரமான மனிதர், மேடமைவிட ஒரு விரல் குறைவாகத் தெரியும்படி முழங்காலைத் தளர்த்தி நடக்கிறார். சின்ன டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்து சுவரோடு ஒட்டிக்கொள்கிறாள்.

கதை கிடைத்துவிட்டது என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

(வாசகரே, உங்களுக்கும் கிடைத்துவிட்டது, இல்லையா? தொட்டி என்பது அலுவலகம், மீன்கள் என்பவர்கள் ஊழியர்கள். எனக்குத் தோன்றிய அதே நொடியில் உங்களுக்கும் தோன்றிவிட்டால் பிறகு நான் எதற்கு? ஆனாலும் விடாமல் எழுதினேன். இவ்வளவு சுலபமாக மாட்டிய உவமையைத் திரும்பத் தண்ணீரில் விட எந்த எழுத்தாளனுக்கு மனசு வரும்?)

சகலையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவர் கெட்டவர் இல்லை. வீட்டுக்கு வந்தால் செருப்பை ஓரமாகத்தான் விடுவார். காபியா, டீயா என்று கேட்டால், "மேடம் என்ன..." என்று ஆரம்பித்துவிட்டு, இது அலுவலகம் இல்லை என்று ஞாபகம் வந்து, "எதுன்னாலும் சரி" என்று முடிப்பார்.

4

மேடம் வழுக்கி விழுந்தார். தொட்டிகளுக்குப் பின்னால் அந்த ஈரத் தரையில்தான். இடுப்பெலும்பு. அறுவை சிகிச்சை, பிறகு நீண்ட ஓய்வு. திரும்பி வருவது சந்தேகம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பொறுப்பு சகலை கைக்கு வந்தது.

[இந்த விபத்தை நான் கற்பனையில் எழுதியிருந்தால், 'வசதிக்காக ஒரு விபத்தா?' என்று நீங்கள் உதட்டைப் பிதுக்கலாம். தரை உண்மையாகவே ஈரமாக இருந்தது. அதை மாற்றச் சொல்லி சின்ன டாக்டர் பல தடவை கேட்டிருந்தாள்.]

முதலில் வளர்ந்தது குரல். பிறகு முழங்கால் நிமிர்ந்தது. நான் பலகை விஷயமாகப் போனபோது மேடமின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முதுகுக்கு ஒரு தலையணைகூட வந்திருந்தது. தன் நகைச்சுவைக்குத் தானே முதலில் சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கும்வரை நிறுத்தவில்லை.

"நட்பெல்லாம் வேணாம் சகல. சின்னப் பசங்க சமாச்சாரம். தலைமைப் பண்புன்னு எழுதுங்க. ஒரு மீன் முன்ன நின்னு எல்லாரையும் நடத்திக்கிட்டுப் போகுது. அந்த மாதிரி."

"ஆச்சரியக்குறி?"

"ரெண்டு போடுங்க."

அப்புறம் விளக்கு. புதுத் தொட்டியின் திறப்பு விழாவுக்கு யாரோ பெரிய விருந்தினர் வருகிறார். தொட்டியைப் படம் எடுத்துப் பார்த்தால் இருட்டாக இருக்கிறது. மேடைக்கு விளக்குப் போடுகிறவரைக் கூப்பிட்டு, தொட்டிக்கு மேலே வெள்ளை வெளேரென்று விளக்குகளை வரிசையாக மாட்டச் சொல்லிவிட்டார். சின்ன டாக்டர் அறை வாசலில் வந்து நின்றாள். நான் அங்கேதான் இருந்தேன்.

"சார், இவ்வளவு வெளிச்சம் அதுக்கு ஆகாது. சூடும் ஏறுது."

"ஏம்மா, கடல்ல சூரியன் இல்லையா?"

"இருக்கு சார். சாயங்காலம் ஆனா போயிடும். நம்ம விளக்கு போறதே இல்ல."

சகலை என்னைப் பார்த்தார். நான் சிரிக்கக்கூடாது என்று பார்த்தாரா, சிரிக்கவேண்டும் என்று பார்த்தாரா, தெரியவில்லை.

"இங்க பாரும்மா. உன் ஒப்பந்தம் வேற என் மேஜைக்கு வரப்போகுது. இந்த நேரத்துல இதெல்லாம் உனக்கு எதுக்கு?"

அவள் "சரி சார்" என்றாள். அதற்குப் பிறகு அவள் எல்லாவற்றுக்கும் சரி சார்தான். உச்சிக் கொண்டையாகப் போடும் கூந்தலைத் தழையப் பின்ன ஆரம்பித்தாள். மேஜையைச் சுவரை நோக்கித் திருப்பிப் போட்டுக்கொண்டாள். உயரமே குறைந்துவிட்டது போல இருந்தது.

தொட்டிக்குள் சாமந்தி நிறம் மாறியது. பழுப்பாக இருந்தது மங்கியது, பிறகு பால் நிறத்துக்கு வந்தது. பிறகு சுண்ணாம்பு அடித்தது போல ஒரே வெள்ளை. கூடத்துக்கு வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள வரிசை கட்டினார்கள்.

"பாத்தீங்களா சகல, பளிச்சுன்னு ஆயிடுச்சு!" என்றார் சகலை. அவருக்கு அது நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. "விளக்குப் போட்டதும் பூரிச்சுப் போச்சு பாருங்க."

பின்னறைக்குப் போய் சின்ன டாக்டரைக் கேட்டேன். சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: "அது உடம்புக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கும் சார். வெயிலை வாங்கி அதுதான் சோறு ஆக்கிப் போடும். வெளிச்சமும் சூடும் தாங்காமப் போனா, சாமந்தி அந்தப் பாசியை எல்லாம் வெளிய தள்ளிடும். நிறம் அதோடதுதான். அது வெள்ளையா இருக்கிறது அழகு இல்ல. பட்டினி."

5

இந்த இடத்தில் எனக்கு ஒரு பாத்திரத்தின்மேல் சந்தேகம் வந்தது. என்மேலேயே என்று நீங்கள் நினைத்தால், அது பிறகு. முதலில் என் மனைவி வந்ததைச் சொல்கிறேன்.

நான் எழுதிவைத்திருந்ததை அவள் துணி உலர்த்தப் போகும் வழியில் எடுத்துப் படித்துவிட்டாள்.

"அத்தானை மீன்னு எழுதியிருக்கீங்க."

"இல்ல, மீனை அத்தான்னு எழுதியிருக்கேன்."

"அக்காவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்? நாளைக்கு நான் அந்த வீட்டு வாசலை மிதிக்கவேணாமா?" என்றாள். பிறகு இன்னொரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு, "ஆமா, அக்கா எங்க?"

"எதுல?"

"கதையிலதான். மேடம் இருக்காங்க, அத்தான் இருக்காரு, அந்தச் சின்னப் பொண்ணு இருக்கா. தரைகூட இருக்கு. எங்க அக்கா இல்ல."

உண்மைதான். எனக்கு அக்காவை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மனைவியின் அக்கா எனக்கும் அக்காதான். சகலை சாப்பாட்டு மேஜையில் தன் சாதனைகளைச் சொல்லும்போது எதிரே உட்கார்ந்து "அப்படியா!" என்பார். விளக்குக் கதையையும் அப்படித்தான் கேட்டார். அந்தப் பெண் வேண்டாம் வேண்டாம் என்றதையும் தான் விடாப்பிடியாக நின்றதையும் சகலை நடித்தே காட்டினார். அக்கா "அப்படியா!" என்று சொல்லி அவருக்கு இன்னொரு கரண்டி போட்டார். ஒருவரும் அக்காவிடம் இரண்டாவது கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. குடும்பத்தில் அவருக்குப் பேரே வெள்ளந்தி. கள்ளம் கபடம் தெரியாதவர், யார் எது சொன்னாலும் நம்புகிறவர். அப்படி ஒருவரை வைத்துக்கொண்டு கதையில் என்ன செய்வது?

"அக்கா வெள்ளந்தியாச்சே. அவங்களுக்கு இதுல என்ன வேலை?" என்றேன்.

மனைவி ஈரத்துணியை ஓர் உதறு உதறினாள். "வெள்ளந்தியா?" என்று சிரித்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

அவள் போன பிறகு நான் என் முக்கியமான கேள்விக்கு வந்தேன். மேடம் திரும்பி வந்தால் என்ன ஆகும்? மறுநாள் சின்ன டாக்டரிடம் மீனை வைத்துக் கேட்டேன்.

"ரெண்டாவது பெருசா மாறிடுச்சு. அதுக்கப்புறம் பழைய பெரிய மீன் திரும்பி வந்தா?"

"செத்தது எப்படி சார் வரும்?"

"ஒரு பேச்சுக்குத்தான்."

"மாறினா மாறினதுதான். பெண்ணானது மறுபடி ஆண் ஆகாது. ஒரு சாமந்தியில ரெண்டு பெருசு இருக்க முடியாது. சண்டை வரும். ஏதோ ஒண்ணு வெளிய போகும்."

எனக்கு முடிவு தயாராகிவிட்டது. இரண்டு விதமாகவும் எழுதி வைத்தேன். முதல் முடிவில் சகலை நாற்காலியை விட மறுத்து வெளியேற்றப்படுகிறார். இரண்டாவதில் மேடம் வெளியேற்றப்படுகிறார். இரண்டும் நல்ல முடிவுகள், அளவெடுத்துத் தைத்தவை. அவை இப்போதும் என் மேஜை இழுப்பறையில் இருக்கின்றன. வேண்டுகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் நடந்தது

6

நடந்தது இதுதான்.

திறப்பு விழா அன்று காலை. விருந்தினர் இன்னும் வரவில்லை. ஊழியர்களும் அவர்கள் குடும்பத்தாரும் கூடத்தில் கூடியிருக்கிறோம். என் மனைவியும் அக்காவும் நல்ல புடவையில் முன்வரிசை. நான் கையில் 'தலைமைப் பண்பு' கதையோடு தொட்டிக்குப் பக்கத்தில். சகலை மேடமின் நாற்காலியையே கூடத்துக்குக் கொண்டுவரச் செய்து அதில் உட்கார்ந்திருக்கிறார்.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு மேடம் உள்ளே வந்தார். கையில் ஊன்றுகோல். யாரும் அழைக்கவில்லை. வரமாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

நான் என் இரண்டு முடிவுகளையும் மனதில் தயாராகப் பிடித்துக்கொண்டேன்.

சகலை எழுந்தார். எழும்போதே அவர் சின்னதாகிக்கொண்டு வந்தார். முழங்கால் தளர்ந்தது. வயிறு உள்ளே போனது. தோள் இரண்டும் காதுப் பக்கம் ஏறி நின்றன. "வாங்க மேடம், உங்களுக்காகத்தான் நாற்காலியை இங்க போட்டு வெச்சேன்" என்ற குரல் நான் மறந்தே போயிருந்த பழைய குரல். எல்லாம் மேடம் நாலு எட்டு வைப்பதற்குள் முடிந்துவிட்டது. எந்த மீனாலும் முடியாத காரியம் இது. பரிணாமத்தில் மனிதன் எந்த இடத்தில் முந்திக்கொண்டான் என்று எனக்கு அன்றுதான் பிடிபட்டது.

மேடம் நாற்காலியைப் பார்க்கவில்லை. நேராகத் தொட்டிக்கு வந்தார். கண்ணாடிக்கு ஒரு விரல் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே மூன்று மீன்களும் அந்த வெள்ளைக்குள் ஒன்றும் நடக்காதது போல உடம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தன.

"ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு?"

மேடம் அண்ணாந்து பார்த்தார். வெளிச்சம் கண்ணைக் குத்தியது.

"யார் போட்டது இந்த விளக்கு?"

சகலையின் வாய் ஒருமுறை மூடித் திறந்தது. பிறகு, "அது வந்து மேடம்... ஆராய்ச்சிப் பிரிவுல பரிந்துரை பண்ணாங்க," என்றார்.

ஆராய்ச்சிப் பிரிவு சுவரோரமாக நின்றுகொண்டிருந்தது. தழையப் பின்னிய கூந்தலோடு. அவள் முகத்தில் ரத்தம் இல்லை. சாமந்தியும் அவளும் ஒரே நிறத்தில் இருந்தார்கள் என்று எழுத ஆசை, ஆனால் அந்த நேரத்தில் அப்படியெல்லாம் தோன்றவில்லை. அவள் வாயைத் திறந்தாள். ஒப்பந்தம் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். மூடிக்கொண்டாள்.

அங்கே இருந்தவர்களில் உண்மை தெரிந்தவன் நான். அந்த அறையில் உட்கார்ந்து என் காதால் கேட்டவன். இந்த இடத்தில் நான் என்ன செய்தேன் என்று எழுதவேண்டும். ஒரு வாக்கியம் தொடங்குகிறேன்: "நான் ஓர் அடி முன்னால் வந்து"

இல்லை. வரவில்லை. யோசித்துக்கொண்டிருந்தேன். சகலை, மனைவி, அந்த வீட்டு வாசல், எல்லாவற்றையும் யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அய்யய்யோ, ஏங்க இப்படிச் சொல்றீங்க!"

அக்கா. முகமெல்லாம் சிரிப்பு.

"மேடம், நீங்க இவரை நம்பாதீங்க. எப்பவும் இப்படித்தான். தான் செஞ்சதை எல்லாம் அடுத்தவங்க பேர்ல எழுதிடுவாரு. அவ்வளவு அடக்கம்! அந்த விளக்கு இவரோட யோசனைதான் மேடம். அந்தப் பொண்ணு வேணாம் வேணாம், சாமந்திக்கு ஆகாதுன்னு தலைபாடா அடிச்சுக்கிச்சாம். இவர்தான் கேக்காம, விடாப்பிடியா நின்னு போட்டாராம். வீட்ல தினம் இதே பேச்சு. எங்களுக்கெல்லாம் எவ்வளவு பெருமை தெரியுமா?"

மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. பின்வரிசையில் யாரோ இருமலுக்குள் எதையோ ஒளித்தார்கள். சகலை தன் மனைவியைப் பார்த்த பார்வையை வர்ணிக்க எனக்குத் திறமை போதாது. கோபம் இல்லை அது. மாடிப்படியில் இல்லாத ஒரு படியில் கால் வைத்தவர் முகம் எப்படி இருக்கும், அப்படி.

மேடம் அக்காவை நன்றாகப் பார்த்தார். "ரொம்ப சந்தோஷம்மா," என்றார். பிறகு திரும்பாமலே, "சின்ன டாக்டர், அந்த விளக்கை எல்லாம் அணைச்சுடு."

"சரி மேடம்" என்று அவள் சொன்னது கூடத்தின் கடைசி வரைக்கும் கேட்டது.

விழா அரை இருட்டில்தான் நடந்தது. விருந்தினர் அறிவொளி என்ற தலைப்பில் பேசினார். தாளில் எழுதியிருந்தது தெரியாமல் பல இடங்களில் தடுமாறினார்.

7

எப்படி முடிந்தது என்றால்:

சாமந்தியைப் பாறையோடு பெயர்த்து, மீன்களோடு சேர்த்து, பின்னறையில் மங்கலான வெளிச்சமுள்ள தொட்டிக்கு மாற்றினார்கள். பிழைக்குமா என்று கேட்டேன். "சிலது மீண்டு வந்துடும் சார், பாசி மறுபடி குடியேறிடும். சிலது சுருங்கிச் சுருங்கி ஒண்ணுமில்லாமப் போயிடும். இது எந்தப் பக்கம்னு இன்னும் தெரியல," என்றாள் சின்ன டாக்டர். தீனி போட்டால் பெரிய மீன் ஒரு துண்டைக் கவ்விக்கொண்டுபோய் சாமந்தியின் வாய்ப் பக்கம் போடுகிறது என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள், "நட்புன்னு எழுதிடாதீங்க" என்றாள். மேஜையை மறுபடி வாசல் பக்கம் திருப்பிப் போட்டிருந்தாள். ஒப்பந்தம் மேடம் கையெழுத்திலேயே புதுப்பித்தாகிவிட்டது. தரைக்குக்கூட வழுக்காத விரிப்பு வந்துவிட்டது.

என் கதை பலகைக்கு ஏறவில்லை. 'கண்ணாடியைத் தட்டாதீர்கள்' என்று எழுதி மாட்டிவிட்டார்கள். அதை எல்லோரும் நின்று படிக்கிறார்கள்.

சகலை இன்னும் துணை இயக்குநர்தான். அரை அடி பின்னால்தான் நடக்கிறார். விழாவுக்குப் பிறகு கொஞ்ச நாள் யாரிடமும் பேசவில்லை. பிறகு ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து, செருப்பை ஓரமாக விட்டுவிட்டு உட்கார்ந்து, தானாகவே ஆரம்பித்தார்.

"அவளைச் சொல்லிக் குத்தமில்ல சகல. எங்க எதைப் பேசறதுன்னு அவளுக்குத் தெரியாது. வெள்ளந்தி. நம்மளைப் பெருமையாச் சொல்றதா நெனச்சுத்தான் சொல்லிட்டா. இல்லையா?"

அந்த 'இல்லையா'வுக்கு முன்னால் அவர் கொஞ்சம் நிறுத்தினார். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை பக்கமும் அவரைக் கிண்டல் செய்துகொண்டு வந்த எனக்கு அங்கே கிண்டல் வரவில்லை. வெளியே எங்கும் அவருக்குக் குனிந்த முதுகுதான். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "அப்படியா!" என்ற ஒரு சொல்லுக்கு நடுவில் ஆசுவாசப்படுகிற ஒரே இடம் அந்தச் சாப்பாட்டு மேஜை. அங்கேயும் ஊசி இருக்கிறது, இத்தனை வருஷமும் தற்செயலாகத்தான் படவில்லை என்று தெரிந்துவிட்டால், மனிதர் எந்த வீட்டுக்குத் திரும்பிப் போவார்?

"ஆமா சகல," என்றேன். "அக்காவுக்கு என்ன தெரியும்?"

அவர் மூச்சு விட்டது கேட்டது. டீ கேட்டார்.

ஆகவே இந்தக் கதையின் முடிவு: என் சகலையின் மனைவி வெள்ளந்தி. தெரியாமல் சொன்னார். முற்றும்.

8

முற்றும் போட்டுவிட்டு, மனசு ஆறாமல் அக்காவிடமே போனேன். சகலை அலுவலகம் போயிருந்தார். அக்கா கட்டில்மேல் துவைத்த துணிகளைக் குவித்து மடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அன்னிக்கு அந்த விளக்கு விஷயம்... தெரிஞ்சுதான் சொன்னீங்களா?"

"எது தம்பி?"

"இவர்தான் போட்டாருன்னு."

அக்கா சகலையின் சட்டை ஒன்றை எடுத்துக் காலரை நீவினார். பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார்.

"அந்தப் பொண்ணு முகத்தைப் பாத்தீங்களா அப்ப?"

"பாத்தேன்."

"நானும் பாத்தேன்," என்றார் அக்கா. சட்டையை மடித்து அடுக்கில் வைத்தார். "நீங்க பாத்துக்கிட்டே நின்னதையும் பாத்தேன்."

அக்கா அடுத்த துணிக்குப் போய்விட்டார். அதை மடித்துக்கொண்டே கேட்டார்.

"ஏதோ கதை எழுதறீங்களாமே. என்னை என்னன்னு எழுதியிருக்கீங்க?"

"வெள்ளந்தின்னு."

அக்கா சிரித்தார். அதே முகமெல்லாம் சிரிப்பு.

"அதை மாத்தாதீங்க தம்பி. அவர் படிப்பாரு."

நான் மாற்றவில்லை. சகலைக்குக் கொடுக்கும் பிரதி, என் மனைவியின் சிரிப்பும் ஊசியைப் பற்றிய வரிகளும் இல்லாமல், ஏழாம் பகுதியோடு முடிந்துவிடும். பக்க எண்ணும் அதற்குத் தகுந்தபடி போட்டாகிவிட்டது. உங்கள் கையில் எட்டு இருக்கிறது என்றால் நீங்கள் வேறு ஆள். இரண்டில் எது இந்தக் கதையின் முடிவு என்று என்னைக் கேட்காதீர்கள். நான் இரண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டேன். நீங்களே ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: என்றைக்காவது சகலையை நேரில் பார்த்து, அவர் இந்தக் கதையைப் பற்றிப் பேச்செடுத்து, 'கடைசியில அவ தெரியாமத்தானே சொன்னா, இல்லையா?' என்று உங்கள் முகத்தைப் பார்த்தால், நீங்கள்